உடைந்த துண்டு யார் கையில்?

இலங்கையில் வீடுகளில் நிகழ்ந்த சமையல் எரிவாயு வெடிப்புகளை ஆராய நியமிக்கப்பட்ட, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு 2021 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதியிடம் அறிக்கையைக் கையளித்தது. பிரதான காரணம் சிலிண்டரிலுள்ள புரோப்பேன்-பியூட்டேன் கலவையின் மாற்றம் என்பது அதன் முடிவு. கலவை விகிதத்தைச் சிலிண்டரில் குறிப்பிட வேண்டும் என்ற மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கட்டளையும் அதே மாதத்தில் வந்தது. இரண்டையும் இவ்விதழ் வரவேற்கிறது.  

ஆனால் கலவையோடு கதை முடிந்துவிட்டது என்ற தொனிதான் எமக்கு உடன்பாடில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 38 பாகை செல்சியசில் புரோப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 13 பார், நோர்மல் பியூட்டேனுடையது 3.5 பார். புரோப்பேன்-பியூட்டேன் மூல் விகிதத்தில் 30:70 ஆக இருந்த கலவையை 50:50 ஆக்கினால் அமுக்கம் 6.4 பாரளவிலிருந்து 8.3 பாரளவுக்கு ஏறும். சிலிண்டரின் உருக்குச் சுவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. திணறுவது வால்வின் றப்பர் வளையம், ரெகுலேற்றரின் மென்சவ்வு, குழாய், குழாயை இறுக்கும் கிளிப். நாடு முழுவதும் ஒரே பருவத்தில் வெடிப்புகள் ஏன் நடந்தன என்ற கேள்விக்குக் கலவை பதில் சொல்கிறது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் ஏன் கசிந்தது என்பதற்கு அது பதில் சொல்லாது. பியூட்டேனில் ஊறி வீங்கிப் பழகிய வளையம், பியூட்டேன் குறைந்ததும் சுருங்கி இடைவெளி விட்டதா? குழாயின் வளைவில் இழுவிசைக்குக் குறுக்காக ஓடிய ஓசோன் விரிசலா? கிளிப் வெட்டிய தடமா? அந்தத் துண்டைக் கையில் எடுத்தால் ஒழிய இதற்கெல்லாம் விடை இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடலுக்கோ களப்புக்கோ எட்டாத ஊர் இங்கே எது? நெடுந்தீவுக்குப் போகும் சிலிண்டர் குறிகட்டுவானில் படகேறி, உவர்த்தூவலில் நனைந்துதான் கரை சேர்கிறது. குருநகரிலோ பருத்தித்துறையிலோ கடற்கரைக் குசினி ஒன்றில் பழைய ரெகுலேற்றரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாக வார்ப்பு உடலில் மாப்போல வெள்ளைத் துரு, உள்ளே வில்சுருளின் சுற்றுகள் செம்மஞ்சளாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், பித்தளை முனையில் நாகம் கழிந்து செம்பு நிறம் திட்டுத்திட்டாய்த் தெரியும். அமுக்கம் கூடியபோது முதலில் கைவிட்டது இப்படிப்பட்ட பாகங்களா? தெரிந்துகொள்ள ஒரே வழி அவற்றைச் சேர்த்து வைத்து ஆராய்வது. இங்கே நடப்பதோ வேறு.

அடுப்பு வெடித்த வீடு ஒன்றுக்கு எம்மவர் சிலர் போனபோது குசினி கழுவி முடிந்திருந்தது. சிலிண்டரை முகவர் எடுத்துக்கொண்டு புதியது தந்துவிட்டார். வீட்டுக்காரருக்கு அதில் நிம்மதி. பிழை சொல்ல முடியாது. ரெகுலேற்றர் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. எரிந்த குழாயைப் பையன் ஒருவன் குப்பையிலிருந்து எடுத்துவந்து தந்தான், இரண்டு நுனியையும் பொருத்திக் காட்டியபடி. முறிவுமுகம் இரண்டும் உரசி மழுங்கியிருந்தன. உயிர்ச்சேதம் இல்லாததால் பொலிசாருக்கு அது ஒரு பதிவு, அவ்வளவுதான்.

கடலில் விழுந்த கொமெற் பயணிகள் விமானத்தின் கதையை இவ்விதழின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. எல்பா தீவுக் கடலடியிலிருந்து துண்டு துண்டாய்ப் பொறுக்கி எடுத்த பிறகுதான் 1954 இல் விரிசல் எங்கே தொடங்கியது என்பது தெரிந்தது. கடலுக்கடியில் கிடந்ததை அவர்கள் எடுத்தார்கள். குசினித் தரையில் கிடப்பதை நாம் கூட்டித் தள்ளுகிறோம்.

இதை இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வெடித்த தண்ணீர்த் தாங்கி, முறிந்த ஏணி, உப்புக் காற்றில் பிளந்த கொங்கிறீற்றுத் தூண் என்று ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரே பதில்: மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புங்கள். அனுப்பினால் அங்கிருந்து வருவது 'தரத்துக்கு உட்பட்டது' அல்லது 'உட்படாதது' என்ற ஒற்றை வரி. முறிவு எங்கே தொடங்கியது, எந்தப் பொறிமுறை, எத்தனை காலம் வளர்ந்தது என்று கேட்டால் கடிதத்துக்குப் பதிலே இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஒரு பொறியியற் பீடம் இருக்கிறது. வீட்டு விபத்தில் கிடைக்கும் பாகத்தைப் பெற்று ஆராய்ந்து முடிவை வெளியிடும் பொறுப்பை அதற்கு எழுத்தில் கொடுப்பதில் என்ன தடை? பணம் என்பார்கள். ஒரு குழாய்த் துண்டை வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க எவ்வளவு பணம் வேண்டும்? உண்மையில் வடக்கிலிருந்து வரும் முடிவைத் தலைநகரம் நம்பத் தயாரில்லை என்பதே எமது ஐயம். அதைத் தவறென்று நிரூபித்தால் மகிழ்வோம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கேட்பது இரண்டு. விபத்து நடந்த வீட்டில் சிலிண்டர், ரெகுலேற்றர், குழாய் மூன்றையும் சுயாதீனமான ஒருவர் பார்த்துப் பதியும்வரை முகவர் எடுத்துச் செல்லக் கூடாது. அப்படிப் பதியப்பட்ட பாகங்கள் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குப் போகாமல் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, அரைப்பக்கச் சுற்றறிக்கை போதும். தரக் கட்டளைகளைத் திருத்துவோரிடம் கேட்பது ஒன்று: ரெகுலேற்றருக்கான சோதனையில் உவர்ப்புகைச் சோதனைக்குக் கரையோர மாவட்டங்களின் நிலைமையை மனத்தில் வைத்து மணிக்கணக்கு விதியுங்கள்.

சுற்றறிக்கை வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். துண்டு கிடைத்தால் துடைக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், முறிந்த நுனிகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில், சிலிக்கா ஜெல்லோடு உலர்வாக வையுங்கள். கிளிப்பைக் கழற்ற வேண்டாம், குழாயை அதற்கு ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். வெட்டும் முன் குழாயில் அச்சிட்ட ஆண்டும் தரக் கட்டளை இலக்கமும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.