கம்பளி மேல் பழி போடாதீர்கள்

ஸ்வெட்டர் பின்னியவர்களின் சோகக் கதைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். தம்பிக்குப் பின்னியது அப்பாவுக்கே தொளதொள. தொப்பி மூக்கு வரை இறங்குகிறது. உடனே குற்றவாளிப் பட்டியல் ரெடி: நூல் மட்டம், புத்தகத்தில் தப்பு, நமக்குக் கைராசி இல்லை. கேஜ் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் ஓர் அசட்டுச் சிரிப்பு.

(கேஜ் என்பது பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. 4 இன்ச் அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான்.)

புத்தகம் 4 இன்ச்சுக்கு 22 கண்ணி என்கிறது. 40 இன்ச் சுற்றளவுக்கு 220 கண்ணி போடச் சொல்கிறது. பின்னுபவருக்கோ கை தளர்வு, 20தான் விழுகிறது. ரெண்டே கண்ணிதானே? அதே 220 கண்ணி இப்போது 44 இன்ச்! கை இறுகி 24 விழுந்தால் 37 இன்ச் கூடத் தேறாது. இதில் ராசி எங்கே வந்தது? ஊசியை ஒரு சைஸ் மாற்றியிருந்தால் தீர்ந்தது.

"அனுபவசாலிக்கு எதுக்குங்க ஸ்வாட்ச்?" என்பது அடுத்த வீராப்பு. எலிசபெத் சிம்மர்மனை விடவா அனுபவம்? 1971-ல் வந்த 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' எழுதியவர். அவருடைய ஸ்வெட்டர் கணக்கே கேஜை மார்பளவால் பெருக்குவதில்தான் தொடங்கும். அவ்வளவு தூரம் போவானேன், திருப்பூர் பனியன் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டி எடைபோட்டு ஜிஎஸ்எம் பார்க்கிறார்கள். அளவு குறித்துத் துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று மறுபடி அளக்கிறார்கள். மெஷின் டிவி சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுவதில்லை. அதையே நம்பாமல் சோதிக்கிறார்கள், கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டுமாம்!

சோதிக்கிறேன் என்று ஏமாற்றுகிறவர்கள் தனி ரகம். பத்துக் கண்ணியில் ஒரு துணுக்கு, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேலை வைத்து அளப்பது, வேண்டிய எண் வரும்வரை விரலால் இழுப்பது. துவைப்பது? அதெல்லாம் கிடையாது. கொஞ்சம் பெரிய சதுரமாகப் பின்னி, துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் அளந்தால்தான் அது ஸ்வாட்ச்.

ஸ்வாட்ச்சும் சில சமயம் பொய் சொல்லும், உண்மைதான். முழு ஸ்வெட்டர் தன் கனத்திலேயே தொங்கி நீளும். அதற்கு ஒரு சாண் பின்னியதும் இன்னொரு தடவை அளக்க வேண்டும். அளக்காமலே விடுவதற்கு அது சாக்கு ஆகாது.

பாதி முதுகிலேயே அகலம் இடிப்பது கண்ணுக்குத் தெரியும். இருந்தும் 'இவ்வளவு பின்னியாச்சே' என்று மிச்சத்தையும் பின்னுவார்கள். சங்க் காஸ்ட் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதும் பி.காம். கூட்டமும் இதற்கு விலக்கல்ல :)

அதையும் மன்னிக்கலாம். முதல் ஸ்வெட்டர் பாழானதும் கைராசி இல்லை என்று நம்பி, ஊசியைப் பரணில் போட்டுவிட்டவர்கள்தான் பாவம். 'பழகப் பழக வரும்' என்று அவர்களுக்கு இப்போது ஆறுதல் சொல்கிறவர்கள், ஒரு துண்டு பின்னி அளந்து பார் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம்.