முட்டையிடாத மூணு மாசமும் கோழி சும்மா இருக்கல

கார்த்திகை முடிஞ்சு மார்கழி பிறந்துட்டா, டவுன்ல இருந்து நாட்டுக்கோழி முட்டை வாங்குறவங்ககிட்ட இருந்து வழக்கமா ரெண்டு கேள்வி வரும். "போன மாசம் வாரம் 30 முட்டை குடுத்தீங்க, இப்ப ஏன் பத்துக்கே இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க?" இது ஒண்ணு. வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறவங்க கேக்குறது ரெண்டாவது: "கோழி எல்லாம் மொட்டையா, அசிங்கமா திரியுதே, நோயா?"

ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். கோழி இறகு உதிர்க்குது. பழசை உதிர்த்துப் புதுசு முளைக்கிற வரைக்கும் முட்டையை நிறுத்திக்கும். ஒரு வயசு தாண்டின கோழிக்கு இது வருஷா வருஷம் வர்றதுதான், நோய் கிடையாது. டவுன்ல வாங்குறவங்க இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் கிராமத்துல நாட்டுக்கோழி மிஞ்சும்ங்கிறது என்னோட கருத்து.

ஏன் இந்த மாசத்துல? கோழி முட்டை வைக்கிறது பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. நம்ம திண்டுக்கல் பக்கம் மார்கழியில பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கிட்டத்தான் வரும். ஆனி மாசத்தோட பாத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல குறைச்சல். வெளிச்சம் குறையக் குறைய உடம்பு முட்டையை விட்டுட்டு இறகுப் பக்கம் திரும்பிடும். குளிர் தேசத்துல மாதிரி எல்லாக் கோழியும் ஒரே மூச்சுல உதிர்க்காது. இங்க ஐப்பசியில இருந்து தை வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு உதிர்க்கும். முதல்ல தலை, கழுத்து, அப்புறம் நெஞ்சு, உடம்பு, கடைசியா றெக்கையும் வாலும். முழுசா முடிய ரெண்டு மூணு மாசம் ஆகும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. இறகுங்கிறது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், நூத்துக்கு 85 பங்குக்கு மேல. ஒன்றரை கிலோ கோழிக்கு இறகு மட்டும் சுமாரா 75 கிராம் வரும்னா, அதுல 65 கிராம் புரதம். ஒரு நாட்டு முட்டையில இருக்கிறது 5 கிராம் அளவு. அப்ப ஒரு தடவை இறகு மாத்துறதுக்கு அந்தக் கோழி 13 முட்டைக்கான சத்தைச் செலவு பண்ணுது. ஒரு தடவை அடை வைக்கிற முட்டை அவ்வளவும் இறகாப் போகுதுன்னு வச்சுக்கங்க. இதைப் போயி 'தெண்டத் தீனி'ன்னு சொல்றது நியாயமா?

அதனால இந்த மாசத்துலதான் தீனியைக் கூட்டணும். நிறையப் பேர் முட்டை இல்லைன்னு தீனியைக் குறைக்கிறாங்க, அது தலைகீழ். கம்பும் சோளமும் மட்டும் இறைச்சா வயிறு நிறையும், இறகு முளைக்காது. கடலைப் புண்ணாக்குல புரதம் இருக்கு, ஆனா இறகுக்கு வேணுங்கிற கந்தகச் சத்து அதுல கம்மி. எள்ளுப் புண்ணாக்கைக் கொஞ்சம் கலந்தா அது சரியாகும். பனிக் காலத்துல புண்ணாக்கு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிடிச்சதைப் போடவே கூடாது, ஈரலைக் கெடுத்துடும். உப்பில்லாத கருவாட்டுத் தூள் கிடைச்சா நல்லது. காசில்லாத வழி கரையான்தான். பழைய மண்பானையில காஞ்ச சாணி, கந்தல் சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல பொழுதோட கவுத்து வச்சா, விடியக்காலம் பானை நிறைய இருக்கும். கம்பு, சோளத்தைச் சாயங்காலம் போடணும். ராத்திரி அது செரிக்கிற சூட்டுலதான் கோழி குளிரைத் தாங்கும்.

நம்ம ஊர்க் குளிர் கோழியைக் கொல்ற குளிர் இல்ல. இறகு இருக்கிற கோழி புளிய மரத்துல ஏறி உக்காந்தே பனியைக் கழிச்சுடும். இறகு இல்லாதது நனைஞ்சா தாங்காது. அதைக் கூரைக்குக் கீழ, பஞ்சாரத்துல அடைக்கணும். வாடைக் காத்து வர்ற பக்கம் மட்டும் சாக்கைக் கட்டணும். நாலு பக்கமும் மூடினா எச்சத்தோட நெடி ஏறி சளி பிடிக்கும். தரையில கடலைத் தோலு பரப்பி, ஈரமானதை அள்ளிப் போட்டுடணும். முக்கியமா, இந்தச் சமயத்துல கோழியைப் பிடிக்காதீங்க. முளைக்கிற குருத்து இறகுக்குள்ள ரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும்.

நோய்க்கும் இதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். இறகு உதிர்க்கிற கோழிக்குக் கொண்டை சுருங்கி வெளுக்கும், ஆனா இரை எடுக்கும், மேயும். வெள்ளையா பச்சையா கழிஞ்சு, றெக்கையைத் தொங்கப் போட்டு நின்னா அது கழிச்சல், உடனே டாக்டர்கிட்ட காட்டணும். பின்பக்கம் மட்டும் மொட்டையா இருந்தா செல்லு இருக்கான்னு இறகை விலக்கிப் பாக்கணும். அதுக்கு ஒரு குழியில அடுப்புச் சாம்பலும் மணலும் போட்டு வச்சா கோழியே புரண்டு குளிச்சுக்கும்.

இப்ப டவுன் ஆளுங்க சமாச்சாரத்துக்கு வர்றேன். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை போட்டாலே பெருசு. பண்ணையில வளர்ற வெள்ளைக் கோழி 300 கிட்டப் போடும். அதோட ரகம் வேற, தீனி வேற, விளக்கு போட்டு பகலை 16 மணி நேரமா நீட்டி வச்சிருப்பாங்க. பெரிய பண்ணைத் தொழில்ல, முட்டை குறையிற கோழிக்குத் தீனியை நாள்கணக்கா நிறுத்திப் பட்டினி போட்டு, எல்லாத்தையும் ஒண்ணா இறகு உதிர வச்சு, மறுபடி முட்டைக்குக் கொண்டு வர்ற முறை உலகம் பூரா இருந்துச்சு. அந்தப் பட்டினி முறை கூடாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லயே சொல்லியிருக்கு. வருஷம் பூரா ஒரே கணக்குல முட்டை வேணும்னா கோழி என்ன பாடுபடும்னு இதுலயே தெரியுது.

கிராமத்துல அந்தப் பாடு வேற மாதிரி வருது. இங்க கோழிக் காசு பெரும்பாலும் பொம்பளைங்க சுருக்குப்பைக் காசு. மார்கழியில முட்டை நின்னு, வாங்குறவங்களும் வேற ஆளைப் பாத்துப் போயிட்டா, அந்த அக்கா என்ன செய்யும்? மொட்டைக் கோழியைக் கூடையில போட்டு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஏத்திடும். மாலை போட்ட மாசம், கறி வாங்குறவங்களும் குறைவு. இறகு இல்லாத கோழின்னா யாவாரி பாதி விலைக்குத்தான் கேப்பார். தை பிறந்து புது இறகோட மறுபடி முட்டைக்கு வரவேண்டிய நல்ல தாய்க்கோழி இப்படித்தான் போகுது. மாசியில அடை வைக்கக் கோழி இல்லாம அந்த வீட்டுல கோழி வளர்ப்பே நின்னு போகும்.

வருஷம் 12 மாசமும் வாரா வாரம் அதே எண்ணிக்கையில நாட்டு முட்டை தர்றவங்க இருந்தா, எப்படி முடியுதுன்னு கேளுங்க. ஓட்டு நிறத்தை நம்பாதீங்க. பழுப்பு முட்டை போடுற பண்ணை ரகமும் இருக்கு, நிறம் ஏத்தி விக்கிறதும் நடக்குது. மாங்கா ஆடி அடங்கினா வராதுன்னு ஒத்துக்கிறோம்ல, முட்டைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்குன்னு ஒத்துக்கங்க.

முட்டை வாங்குற அதே வீட்டுல இந்த மூணு மாசம் கடலையோ கம்போ முருங்கைக்கீரையோ வாங்குங்க. வாடிக்கை அறுந்து போகாம இருந்தா அந்தக் கோழி சந்தைக்குப் போகாது. பிப்ரவரியில கால்நடைத் துறை கழிச்சல் தடுப்பூசி முகாம் போடும்போது உங்களுக்கு முட்டை தர்றவங்க போட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. மாசி வாக்குல முட்டை தானா வரும்.