கிரகணத்தன்று பிள்ளைகளை அடைத்து வைப்பது யாருடைய மரபு?

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. இரவு 9.57க்கு நிலவின் ஓரத்தில் பூமியின் நிழல் ஏறத் தொடங்கியது. 11.01க்கு நிலவு முழுதும் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது. மேகம் விலகிய ஊர்களில் மொட்டை மாடிக்குப் போய் வெறுங்கண்ணாலேயே பார்த்திருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்தே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கைகள் பறந்தன. மாலைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், மீந்ததில் தர்ப்பை போட்டு வையுங்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், இன்னின்ன நட்சத்திரக்காரர்கள் பரிகாரம் செய்துகொள்ளுங்கள். அனுப்பியவர்களில் அறிவியல் பட்டதாரிகள் உண்டு. வகுப்பில் கிரகணப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களும் உண்டு. ஆத்திரம் வருவது அங்கேதான்.

சந்திர கிரகணத்தில் பயப்பட என்ன இருக்கிறது? பௌர்ணமி நிலவைப் பார்த்தால் கண் கெடும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. சோறூட்டும்போது அந்த நிலவைத்தான் காட்டுகிறார்கள். கிரகணத்தில் அதே நிலவு மங்குகிறது, அவ்வளவுதான். புதிதாக ஒரு கதிரும் அதிலிருந்து கிளம்பி வருவதில்லை. மங்கிய நிலவுக்குப் பயந்து எட்டாம் வகுப்புப் பிள்ளையை அறைக்குள் படுக்க வைத்தவர்கள், அந்தப் பிள்ளையிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அன்றிரவு நிலவின் மேல் ஊர்ந்த நிழலின் விளிம்பு வளைந்திருந்தது. எந்தக் கிரகணத்திலும் அது வளைந்தே இருக்கும். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. நிலவு கறுத்துப் போகாமல் ஏன் சிவக்கிறது? பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது, சிவப்பு போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் உலகைச் சுற்றி நடக்கும் எல்லா உதயங்களின் வெளிச்சமும் எல்லா அஸ்தமனங்களின் வெளிச்சமும் நிலவின் மேல் விழுகின்றன. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து வளிமண்டலத்தின் உயரத்தில் தூசியையும் கந்தக வாயுவையும் கொட்டியது. 1992 டிசம்பர் 9 கிரகணத்தில் நிலவு வழக்கத்தைவிட மிகவும் இருண்டு போனதற்கு அதுதான் காரணம். எங்கோ ஒரு தீவில் மலை வெடித்த கணக்கை நிலவின் முகத்தில் படிக்கலாம். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத கிராமத்துப் பள்ளிக்கும் இந்தப் பாடம் இலவசமாக வருகிறது, வாசல் வரை வருகிறது. வாசலைச் சாத்திவிடுகிறோம்.

கேட்டால், மரபு என்கிறார்கள். யாருடைய மரபு? சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரை இவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்களா? பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 19ஆம் நூற்றாண்டில் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் குறுக்கே கடந்தபோது அவர் தீட்டுக்குப் பயந்து உள்ளே உட்காரவில்லை. ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்கு ஒரு குழுவை அழைத்துக்கொண்டு போனார், கிரகணத்தைப் பார்ப்பதற்கென்றே போனார். அதே கிரகணத்தில் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சனும் நிறமாலைமானிகளைச் சூரியனின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அன்று தென்பட்ட ஒளிக்கோடுகளில் தொடங்கிய தேடல்தான் ஹீலியம் என்ற தனிமத்தில் போய் முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே, ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை ரகுநாதாச்சாரி கண்டுபிடித்திருந்தார். 1872ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874ல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வு வரப்போகிறது என்று தெரிந்ததும், பொதுமக்களுக்கு அதை விளக்கும் சிறு நூலை எழுதி இந்திய மொழிகளில் கொண்டுவந்தார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். மரபு வேண்டுமென்றால் இவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தைத் தேடிப் போனவருக்கு 157 ஆண்டுகள் பின்னால் வந்தவர்கள், கையில் கேமரா உள்ள கைப்பேசியை வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

அவருக்கும் முன்பு, ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அந்தக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் பிழை கூடியது உண்மைதான், ஆனால் ஏடும் எழுத்தும் இல்லாமல் போட்ட கணக்கு அது. இந்த அறிவு எந்தப் பள்ளிப் பிள்ளைக்காவது சொல்லப்படுகிறதா? பஞ்சாங்கத்தின் பெயரால் அவர்களுக்குப் போய்ச் சேர்வது பரிகாரப் பட்டியல் மட்டுமே.

சூரிய கிரகணத்துக்கு வருவோம். சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை பொசுங்கும். விழித்திரையில் வலி உணர்வு கிடையாது என்பதால் பொசுங்குவது தெரியாது. இது கிரகணத்தன்று மட்டுமல்ல, வருடத்தின் எல்லா நாளும் உண்மை. அதற்கான பதிலும் பழகிய பதில்தான்: தரச் சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. இரண்டும் கிடைக்காவிட்டால் அட்டையில் குண்டூசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம். எக்ஸ்ரே படலத்தின் வழியாகப் பார்க்கவே கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகப் போனது. மரத்தடியில் நின்றவர்கள் காலடியில் இலைச் சந்துகள் ஒவ்வொன்றும் ஒரு பிறைச் சூரியனை வரைந்ததைக் கண்டார்கள். ஒரு பள்ளி மைதானம் முழுவதையும் ஒரே வேப்பமரம் ஆய்வுக்கூடமாக்கிவிடும்.

அரசுகளும் இதில் குற்றவாளிகளே. 1980 பிப்ரவரி 16 முழுச் சூரிய கிரகணத்தன்று, மக்கள் வீட்டைவிட்டு வெளியே வராமலிருக்கத் தூர்தர்ஷன் ஒரு இந்திப் படத்தைப் போட்டது. 2022 அக்டோபர் 25ல் பகுதி கிரகணம்தான் வந்தது, அதற்கே ஒடிசா அரசு பொது விடுமுறை விட்டது. பாடம் நடத்த வேண்டிய நாளில் பள்ளிக்குப் பூட்டு. இதே நாட்டில்தான் 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 தரையிறங்கியதைப் பள்ளிகளில் திரை கட்டிக் காட்டினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம். பத்து நாளில் ஆதித்யா எல்-1 கிளம்பியது, அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. அந்த விண்கலத்தில் உள்ள முக்கியக் கருவியின் வேலை என்ன? சூரியனின் தட்டை மறைத்து, செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள ஒளிவட்டத்தை ஆராய்வது. அதை உருவாக்கியது இந்திய வானியற்பியல் நிறுவனம். அதன் வேர் 1792ல் எழுந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், ரகுநாதாச்சாரி வேலை பார்த்த அதே இடத்தில் இருக்கிறது. கோடி கோடியாகச் செலவழித்து விண்வெளியில் கிரகணத்தை உண்டாக்குகிறோம். தானாக வருவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் தடை போடுகிறோம்.

இந்தப் பயம் கிரகணத்தோடு நிற்பதும் இல்லை. வானமும் பூமியும் படிப்பில் சேர்த்தியில்லை என்ற அலட்சியம்தான் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் பேரண்டம், சூரியக் குடும்பம் என்று பாடம் இருக்கிறது. அதைக் கேள்வி-பதிலாக எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிளஸ் டூ வந்ததும் நீட், ஜேஇஇ. அங்கே பாறைக்கும் விண்மீனுக்கும் மதிப்பெண் இல்லை. சுற்றுலா என்றால் பொழுதுபோக்குப் பூங்கா. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் கிடைக்கின்றன. அந்த மாவட்டத்துப் பிள்ளைகளிலேயே எத்தனை பேரை அங்கே கூட்டிப்போய், நீ நிற்கிற இடம் ஒரு காலத்தில் கடல் என்று காட்டியிருக்கிறார்கள்?

காட்டினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26 பதில் சொல்லும். தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைப் பார்த்ததும் இது சுனாமி என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். அந்தக் கடற்கரையில் ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தார்கள். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று நம் கடலோரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாடத்தை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தொலைநோக்கி வாங்கக் காசில்லை என்ற சாக்கும் வேண்டாம். குமரியிலிருந்து சென்னை வரை ஒவ்வோர் ஊரிலும் ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்ட் பிற்பாதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு நாள், உச்சிப்பொழுதில் நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சென்னையில் அது ஏப்ரல் 24 வாக்கில். ஒரு குச்சியும் பத்து நிமிடமும் இருந்தால் பூமியின் சாய்வை ஆறாம் வகுப்புக்கு விளக்கிவிடலாம்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தில் முழுமையாகத் தெரியும் சூரிய கிரகணம் தமிழ்நாட்டில் அன்று மாலை பகுதி கிரகணமாகத் தெரியும். பள்ளி விடுகிற பொழுது. கடைசி மணிக்குப் பிறகு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, ஆசிரியர்கள் கூடவே நின்று, கண்ணாடியையும் துளையிட்ட அட்டையையும் கையில் கொடுக்கச் சொல்லும் சுற்றறிக்கையைப் பள்ளிக் கல்வித் துறை இப்போதே எழுதி வைக்கலாம். 2031 மே 21ல் வளையச் சூரிய கிரகணம் தென் தமிழகத்தையும் வட இலங்கையையும் கடக்கும். இங்கே கோடை விடுமுறைக் காலம் என்பதால், ஆண்டுத் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் கிரகணக் கண்ணாடி போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.