பாராட்டு உண்டு, ஒப்பந்தம் இல்லை

கால்பந்துச் சூதாட்டக்காரர்கள் கோல் அடிப்பவரை அதிகம் தேடிப் போவதில்லை. அவர் அடிக்காமல் விட்டாலும் வேறொருவர் அடித்துவிடுவார். தற்காப்பு ஆட்டக்காரரின் நிலை வேறு. அரை அடி பிந்தி நகர்ந்தால் போதும், ஆட்டம் கைமாறிவிடும். பார்ப்பவர்களும் அசதி என்றே நினைப்பார்கள். அதிலும் கீழ்ப்பிரிவுக்காரர் என்றால் பேரம் இன்னும் எளிது. சம்பளம் குறைவு, ஒப்பந்தம் குறுகியது.

இத்தாலியின் மூன்றாம் பிரிவான சீரி சி எப்படிப்பட்ட இடம் என்பதற்கு ஓர் ஆட்டம் சாட்சி. 2019 பிப்ரவரியில் குனேயோ கிளப்பிடம் ப்ரோ பியாசென்சா 20-0 என்று தோற்றது. சம்பளம் கிடைக்காமல் ஆட்டக்காரர்கள் வெளியேறிவிட்டதால், களமிறங்கியவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். அந்தக் கிளப் உடனே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு குழுவின் வங்கிக் கணக்கு எப்போது காலியாகும் என்று தெரியாமலே பலர் அங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆடி முடிக்கிறார்கள்.

இந்த உலகத்தைச் சேர்ந்தவர்தான் சிமோனே ஃபரீனா. ரோமா கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்து, பிறகு சிறு கிளப்புகளிலேயே காலம் தள்ளிய தற்காப்பு ஆட்டக்காரர். உம்பிரியாவின் மலையூரான குப்பியோவின் அணி 2010, 2011 என அடுத்தடுத்து இரண்டு முறை பிரிவு உயர்ந்து, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் பிரிவான சீரி பிக்கு வந்தது. அந்த அணியில் ஃபரீனாவும் இருந்தார். 2011 செப்டம்பரில் ரோமா நாள்களின் பழைய கூட்டாளி ஒருவர் 2 லட்சம் யூரோ பேரத்தோடு அவரைத் தேடி வந்தார். இத்தாலியக் கோப்பையில் செசேனாவுடனான ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஃபரீனா மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் புகாரும் கொடுத்தார். கிரெமோனா அரசு வழக்கறிஞர்கள் ஏற்கெனவே நடத்திவந்த விசாரணை, சிங்கப்பூர் வரை நீண்ட ஒரு வலைப்பின்னலைத் துழாவிக்கொண்டிருந்தது. ஃபரீனாவின் புகாரும் அதில் சேர்ந்தது. டிசம்பரில் பலர் கைதானார்கள்.

அதன் பின் பாராட்டு மழை. 2012 ஜனவரியில் சூரிச்சில் நடந்த தங்கப் பந்து விழாவில் மெஸ்ஸி அமர்ந்திருந்த அரங்கிலேயே ஃபரீனாவை மேடையேற்றி, நேர்மையின் தூதர் என்றார் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர். (அதே பிளாட்டருக்கு ஃபிஃபாவின் ஒழுக்கநெறிக் குழு 2015இல் தடை விதித்தது தனிக்கதை.) தேசிய அணியோடு பயிற்சி செய்யவும் அதன் பயிற்சியாளர் பிராந்தெல்லி அழைத்தார். அந்தப் பருவத்தின் முடிவில் குப்பியோ மீண்டும் கீழிறங்கியது. ஃபரீனாவுக்கு அடுத்த கிளப் அமையவில்லை. 30 வயதில் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வேலை கொடுத்தது இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா. அதுவும் சமூகத் திட்டத்தில் சிறுவர்களுக்கான பயிற்சியாளராக.

இது பழிவாங்கலா? நிரூபிக்க முடியாது. முப்பது வயது, கீழிறங்கிய அணி, சுமாரான ஆட்டக்காரர். காரணங்கள் கைவசம் ஏராளம். சிக்கலே அங்குதான் இருக்கிறது. குறுகிய ஒப்பந்தங்களால் ஓடும் ஒரு தொழிலில் எவரையும் வெளியேற்ற யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. தொலைபேசியில் அழைக்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பேரம் நடப்பது தெரிந்தும் சொல்லாமலிருப்பது இத்தாலிய விளையாட்டுச் சட்டப்படி குற்றம். சியெனா கிளப்பில் இருந்த காலத்து விவகாரத்தில் இந்தக் குற்றச்சாட்டின்பேரில் பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டேவுக்கு 2012இல் பத்து மாதத் தடை விதிக்கப்பட்டது; பிறகு அது நான்காகக் குறைந்தது. அவர் குற்றத்தை எப்போதும் மறுத்துவந்தார். 2016இல் குற்றவியல் நீதிமன்றமும் அவரை விடுவித்தது. எனவே அவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் தண்டனைக்குப் பிறகும் அவர் திரும்ப ஓர் இடம் இருந்தது. 2014இல் தேசிய அணியின் பயிற்சியாளரும் ஆனார். புகார் கொடுத்த ஃபரீனாவுக்குத் திரும்ப இடமில்லை. சொல்லாதவரைத் தண்டிக்க விதி எழுதியவர்கள், சொன்னவர் அடுத்த ஆண்டு எங்கே ஆடுவார் என்று யோசிக்கவில்லை.

ஃபாபியோ பிசாகானேவை மறுமொழியாகக் காட்டுவார்கள். லுமெத்சானே அணியில் இருந்தபோது 50,000 யூரோவை மறுத்துப் புகார் செய்தவர், அவரும் தற்காப்பு ஆட்டக்காரர். ஃபிஃபா அவரையும் தூதராக்கியது. பதினான்கு வயதில் கியான்-பாரே நோயால் முடங்கி எழுந்தவர், 2016இல் 30 வயதில் காலியாரிக்காக சீரி ஏ-யில் அறிமுகமாகிக் கேமரா முன் அழுதார். அருமையான கதைதான். ஆனால் புகார் கொடுத்தபோது அவருக்கு வயது 25தான்; மீண்டும் ஏறிவர ஆண்டுகள் மிச்சமிருந்தன. தனி ஒருவரின் விடாமுயற்சியை அமைப்பின் சாதனையாகக் கணக்கெழுதக் கூடாது.

செய்திருக்க வேண்டியது பெரிய காரியமல்ல. புகார் கொடுப்பவரின் ஒப்பந்தம் முடிந்தால், இரண்டு பருவங்களுக்கான சம்பளத்துக்குக் கூட்டமைப்பு உத்தரவாதம் தரலாம். அவரைச் சேர்க்கும் கிளப்புக்கு அந்தச் செலவை ஈடுகட்டலாம். பணத்துக்கு வழியும் இருக்கிறது: அதே ஊழலில் சிக்கிய கிளப்புகளுக்கு விதித்த அபராதம்.