ஓசின்னா ஓடிடுவோமா?

"வைத்தியத்தை ஓசியில கொடுத்தா தும்மலுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓடுவாங்க, கொஞ்சம் கைக்காசு போனாத்தான் புத்தி வரும்"ங்கறது இன்சூரன்ஸ் உலகத்துல பழைய வாதம். அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் 1974லேர்ந்து 1982 வரைக்கும் இதை நிஜக் குடும்பங்களை வெச்சே சோதிச்சுப் பாத்துச்சு. சிலருக்கு முழுக்க இலவசம். சிலர் பில்லுல 95% வரைக்கும் கட்டணும், வருஷத்துக்கு ஒரு உச்சவரம்போட.

கைக்காசு போட்டவங்க செலவு குறைஞ்சுது. சராசரி ஆளுக்கு உடம்பும் பெருசா கெடலை. ஆனா வேண்டாத வைத்தியத்தைக் குறைச்ச அதே அளவுக்கு வேண்டியதையும் குறைச்சுட்டாங்க. ரத்த அழுத்தம் இருந்த ஏழைங்களுக்கு இலவசத்துலதான் அது நல்லா கட்டுப்பட்டுச்சு.

நெஞ்சுவலி வாயுவா, மாரடைப்பான்னு தெரியாமத்தானே டாக்டர்கிட்டயே போறோம்? கைக்காசு கேளுங்க சாமி, வேணாங்கலை. பிரஷர் மாத்திரைக்கு மட்டும் கேக்காதீங்க.