அம்பாவுக்கு அரங்கம் எதற்கு?

தொழில்பாட்டெல்லாம் கிராமத்துச் சொத்து, மயிலாப்பூர், அடையாறு பக்கம் அதற்கு வேலையில்லை என்கிறார் நண்பர். கபாலி கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் நொச்சிக்குப்பம். பெசன்ட் நகரில் ஊரூர் ஆல்காட் குப்பம். இரண்டும் மீனவர் ஊர். அம்பா, மீனவர் பாட்டு. பட்டணத்துக்குள் கடல் இல்லையா என்ன?

ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் அது இசையே அல்ல என்பது அவருடைய அடுத்த வாதம். கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டிருக்கலாம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அந்த நொடியில்தான் கயிறு நகரும். நீளமான சங்கதி போட்டால் வலை கடலிலேயே கிடக்கும். மூச்சுக்கும் இழுப்புக்கும் சரியாக அளந்த தாளம் அது. கச்சேரி அளவுகோலை இங்கே கொண்டுவருவது வீண்.

பாமர ரசனை மாறியதால் பாட்டு செத்ததாம், இது அவருடைய மூன்றாவது வாதம். காரணம் ரசனை அல்ல, தொழில். ஃபைபர் படகும் மோட்டாரும் வந்து, சேர்ந்து துடுப்பு போடும் வேலையே குறைந்தது. இன்ஜின் சத்தத்தில் யார் பாடுவது?

இத்தனைக்கும் மயிலாப்பூர் கலைமகள் இதழின் ஆசிரியராக இருந்த கி.வா. ஜகந்நாதன்தான் நாட்டுப்பாடல்களை 'மலையருவி'யாக 1958இல் பதிப்பித்தவர். 2015இல் ஊரூர் குப்பத்தில் தொடங்கிய விழாவில் கர்நாடக இசைக்காரர்களும் குப்பத்து மணலில் பாடினார்கள். சபா மேடைகள் பதிலுக்கு அம்பாக்காரர்களை எத்தனை முறை அழைத்தன என்பதை நண்பர் தம் டிசம்பர் கச்சேரி அழைப்பிதழ்களைப் புரட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.