செடிமுருங்கை விஷமாம்! எவன் சொன்னான்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "குட்டையாக வளரும் செடிமுருங்கை ஹைப்ரிட், ஊசி போட்டு வளர்க்கிறார்கள், சாப்பிடாதீர்கள்." அனுப்பியவர்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ரத்தம் குறைவு என்று டாக்டர் கீரை சாப்பிடச் சொன்ன என் தங்கை மகள், மாசமாக இருப்பவள், கொல்லையில் நிற்கும் செடியைத் தொடமாட்டேன் என்கிறாள். இனி எப்படிச் சும்மா இருப்பது?

செடிமுருங்கை என்று நாம் நடுவது பெரும்பாலும் பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல் வெளியிட்ட ரகம். அதன் தாய் எது தெரியுமா? நம்ம மாவட்டத்து எப்போதும்வென்றான் நாட்டு முருங்கை! அதைத் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கவைத்து, தலைமுறை தலைமுறையாக நல்லதைப் பொறுக்கி எடுத்தார்கள். நம் பாட்டி நல்ல கத்தரிக்காயை விதைக்கு விட்ட அதே வேலைதான். இரண்டு ரகத்தைக் கலந்தால்தான் ஹைப்ரிட். இது கலப்பே இல்லை. கலந்தாலும் அது விஷமாகிவிடாது.

"அப்புறம் ஏன் சார் குட்டை?" என்பீர்கள். விதை போட்டு மூன்று மாதத்தில் பூக்கிற குணம் அதற்கு. முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுகிறோம். நுனி போனால் பக்கக்கிளை வெடிக்கும், காய் கைக்கு எட்டும். கிள்ளாமல் விட்டுப் பாருங்கள், அதுவும் நாலு மீட்டருக்கு மேலே போகும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. விரல் நகம்தான்.

குட்டை என்றால் இளப்பமா? நெட்டை நெல் உரம் போட்டால் சாய்ந்துவிடும். தைவான் குட்டை நெல்லை இந்தோனேசியாவின் நெட்டை நெல்லோடு சேர்த்து 1966ல் ஐ.ஆர்.8 வந்தது. சாயாத தண்டுதான் பஞ்ச காலத்தில் சோறு போட்டது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. செடிமுருங்கை சில வருஷத்தில் ஓய்ந்துவிடும், தண்ணீரும் கேட்கும். நம்ம தேரி மண்ணில் தண்ணீரில்லாமல் நிற்கிற மரமுருங்கைக்கு அது ஈடாகாது. அதனால் செடியை நடுகிறேன் என்று பழைய மரத்தை வெட்டாதீர்கள். நாளைக்கு இன்னொரு நல்ல ரகம் பொறுக்க வேண்டுமென்றால் அந்த மரம்தான் வேண்டும். எப்போதும்வென்றானில் எல்லாரும் வெட்டியிருந்தால் பி.கே.எம்.1 ஏது?

மாடியில் தொட்டி வைத்திருக்கும் சென்னைப் பிள்ளைகளே, தைரியமாக விதை போடுங்கள், நுனியைக் கிள்ளுங்கள், கீரையைப் பறியுங்கள்.

எதையும் அனுப்புவதற்கு முன் "எவன் சொன்னான், எப்படித் தெரியும்?" என்று கேட்கச் சொல்லித்தானே வகுப்பில் தொண்டை வறண்டேன்? அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் இதையும் அதே குழுவில் போடுங்கள். அதுதான் நீங்கள் எனக்குத் தரும் வீட்டுப்பாடம்.

— உங்கள் சார், சாத்தான்குளம்